ரேடியேற்றருக்குள் கிழமைக்குக் கிழமை காற்று எங்கிருந்து வருகிறது?

கேள்வி: நல்லூரிலிருந்து ஒரு வாசகி, நவம்பர் 16

மகன் போன வருடம் லண்டனில் பழைய வீடு ஒன்று வாங்கினான். எட்டு ரேடியேற்றர், பொயிலரில் சுட்ட தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்குகிற இரும்புப் பெட்டிகள். ஹோலில் இருப்பது மேலே சுடுகிறது, கீழே பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர். மேல்மாடிச் சின்ன அறையில் இருப்பது முழுதாகவே குளிர். மேல்மாடியில் மற்றதுகளில் ஒவ்வொரு கிழமையும் காற்றுத் திறந்துவிட வேண்டியிருக்கிறதாம். வந்து பார்த்த ஒருவர் பொயிலரையே மாற்ற வேண்டும் என்று சொல்லி, கேட்டால் தலை சுற்றுகிற தொகை ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார். பேத்திக்கு எட்டு மாதம். பொயிலர்தானா பிழை? இங்கே யாருக்காவது இது தெரியுமா?

நவம்பர் 16, இரவு 10.20

பொயிலரை மாற்ற வேண்டாம். ஆறு ரேடியேற்றர் ஒழுங்காகச் சுடுகிறதென்றால் பொயிலர் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சூடு போய்ச் சேராத இடத்தில்தான் பிழை.

நான் யாழ்ப்பாணத்தில் இணுவில் ஊர். முப்பத்தைந்து வருடம் தண்ணீர் மோட்டரும் இறைப்பு மிசினும் திருத்தினவன். ரேடியேற்றர் வேலை படித்தவன் இல்லை. 2018இல் மகளின் பிள்ளைப்பேற்றுக்குப் போய் லண்டனில் மூன்று மாதம் இருந்தேன். வெளியே தலை நீட்ட முடியாத குளிர். வேறு வேலை இல்லாமல் அவள் வீட்டு ரேடியேற்றர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். மாமாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று மருமகன் நினைத்தார்.

தடவினாலே பாதி தெரிந்துவிடும். மேலே குளிர், கீழே சூடு என்றால் உள்ளே காற்று நிற்கிறது. மேலே சூடு, கீழே நடுப்பகுதி குளிர் என்றால் அடியில் சேறு. முழுதும் குளிர் என்றால் வால்வு பூட்டிக்கிடக்கிறது, அல்லது இறுகிப்போயிருக்கிறது. இந்தக் கணக்கில் உங்கள் ஹோலில் சேறு, சின்ன அறையில் வால்வு, மற்றதுகளில் காற்று. மூன்று வருத்தம், மூன்று மருந்து.

காற்று விடும்போது முதலில் ஹீற்றிங்கை நிற்பாட்டிவிட்டு ஆற விடச் சொல்லுங்கள். மேல் ஓரத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவைத் திறப்பால் கால் சுற்றுக்கு மேல் திருப்பக்கூடாது. உஸ் என்று காற்று வரும், பிறகு தண்ணீர் துப்பும், உடனே பூட்ட வேண்டும். நான் முதல்நாள் இது தெரியாமல் முழுதாகத் திருப்பிவிட்டேன். ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. கறுப்புத் தண்ணீர் பீறிக்கொண்டு போய் வெள்ளைக் கார்ப்பெற்றில் விழுந்தது. அந்தக் கறை இன்றும் இருக்கிறது, மேலே ஒரு பூச்சாடி வைத்திருக்கிறார்கள்.

காற்று விட்ட பிறகு பொயிலரில் அமுக்கம் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். ஆறியிருக்கும்போது 1க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கீழே இருக்கும் குழாயைத் திறந்து நிரப்ப வேண்டியதுதான்.

நவம்பர் 17, காலை

மகள் வாசித்துவிட்டுப் போன் எடுத்துப் பேசினாள். "அப்பா, எல்லா வீட்டிலும் முள் இராது." சரிதான். அவள் வீட்டில் இருப்பது கொம்பி பொயிலர், ரேடியேற்றருக்கும் குழாய்ச் சுடுதண்ணீருக்கும் ஒரே பொயிலர், மூடிய சுற்று. இன்னும் பழைய வீடுகளில் கூரைக்குள் சின்னத் தாங்கி ஒன்று, மிதவை வால்வோடு இருக்கும். குறைகிற தண்ணீரை அது தானாகவே நிரப்பிக்கொள்ளும். அந்த வகையில் முள்ளும் இல்லை, நிரப்பும் குழாயும் இல்லை. மகனிடம் எந்த வகை என்று கேளுங்கள். நேற்று நான் அதைக் கேட்காமலே மருந்து எழுதிவிட்டேன்.

நவம்பர் 17, மாலை

கொம்பிதானாம். அப்படியானால் நேற்று எழுதியது நிற்கும்.

நவம்பர் 19

இரண்டு நாளாக ஒரு விஷயம் குடைகிறது. கிழமைக்கு ஒருமுறை காற்று. மூடிய சுற்றுக்குள் காற்று எங்கிருந்து வரும்?

எங்கள் ஊரில் மோட்டர் போட்டால் தண்ணீர் ஏறாமல் கடகடவென்று காற்று அடிக்கும். கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தால் இழுக்கிற பைப்பில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஊசித்துவாரம் ஒன்று இருக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஏனென்றால் அந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம். தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஈரத்தைத் தேடி நாள் முழுக்கக் கிணற்றைச் சுற்றுவார்கள்.

ஆகவே லண்டனிலும் எங்கேயோ ஊசித்துவாரம் இருக்கலாம் என்று எழுத வந்தேன். எழுதும்போதே பிழை என்று தெரிகிறது. அங்கே முழுச் சுற்றும் 1 பாருக்கு மேல் அமுக்கத்தில் நிற்கிறது. துவாரம் இருந்தால் தண்ணீர்தான் வெளியே வரும்.

அப்படியானால் அது காற்றாகவே இல்லாமல் இருக்கலாம். உள்ளே இரும்பு கறுப்புத் துருவாக மாறும்போது தண்ணீரிலிருந்து ஐதரசன் பிரியும். அதுவும் மேலே போய் நிற்கும், அதுவும் உஸ் என்றுதான் வரும். ஐதரசன் எரியும். யாரும் தீக்குச்சி பிடித்துச் சோதிக்க வேண்டாம். தங்கச்சி, இதை மகனுக்கு இரண்டு தரம் சொல்லுங்கள், பொடியன்கள் செய்துபார்க்கக் கூடியவர்கள்.

நவம்பர் 22

சின்ன அறை வேலை முடிந்தது. நேற்று இங்கே இரவு பதினொன்றரை, அங்கே மாலை ஆறு மணி, தங்கச்சியின் மகன் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்தார். அந்த ரேடியேற்றரில் 1 முதல் 5 வரை எழுதிய தலை உண்டு. அறை சூடானதும் அந்தத் தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ விரிந்து ஓர் ஊசியைக் கீழே அமுக்கி வால்வைப் பூட்டும், ஆறினால் ஊசி மேலே வரும். கோடை முழுக்க யாரும் பாவிக்காத அறையில் ஊசி கீழேயே ஒட்டிப்போய்விடும்.

தலையைக் கழற்றச் சொன்னேன். ஊசி அசையவில்லை. குறடால் பிடித்து இழுக்கட்டுமா என்று கேட்டார். ஐயோ வேண்டாம் என்று நான் கத்தினதில் எங்கள் வீட்டு நாய் எழும்பிவிட்டது. இழுத்தால் ஊசி கழன்று வரும், பின்னால் தண்ணீர் வரும். கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்துவிட்டு, ஸ்பனரின் பிடியால் ஊசியை மெதுவாக அமுக்கி அமுக்கி விடச் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு தரத்தில் துள்ளி மேலே வந்தது. ஐந்து நிமிடத்தில் பைப் சுட்டது. பேத்தியைத் தூக்கி வந்து காட்டினார்கள்.

நவம்பர் 23

சந்தோசம் ஒரு நாள்தான். சின்ன அறை சுடத் தொடங்கியதும் அதே வரிசையில் கடைசியாக இருக்கும் பின் அறை முன்னையைவிடக் குளிர்கிறதாம். "ஐயா, ஒன்றைத் திருத்தினால் மற்றது பழுதாகிறதே?"

பழுதில்லை. இதற்கு லண்டன் போகத் தேவையில்லை, உரும்பிராய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்துக்குப் போனால் போதும். மிசின் ஒன்று, வாய்க்கால் ஒன்று, பாத்தி நாற்பது. எல்லாப் பாத்தியின் வாயையும் திறந்துவிட்டால் என்ன நடக்கும்? கிட்ட இருக்கிற பாத்தி நிரம்பி வழியும், கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும். தண்ணீருக்கு நியாயம் தெரியாது, லேசான வழிதான் தெரியும். அதனால்தான் ஒருவர் மண்வெட்டியோடு தண்ணீர் மாறுவார், ஒரு வாயை மறித்து அடுத்த வாயைத் திறப்பார். 1990களில் மின்சாரம் இல்லாமல், மண்ணெண்ணெய் பவுனாக விற்ற காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு மிசினைக் கிளப்பிவிட்டு அப்பா என்னை வரம்புக்கு அனுப்புவார். ஒரு பாத்தி வழிந்தால் அது மண்ணெண்ணெய் வழிகிற மாதிரி. காதில் கிடைக்கும்.

ரேடியேற்றர் வீட்டில் தண்ணீர் மாற ஆள் இல்லை. அதனால் கிட்ட இருக்கிற பாத்திகளின் வாயை நிரந்தரமாகச் சிறிதாக்கிவிட வேண்டும். இலக்கம் எழுதிய தலைக்கு எதிர்ப் பக்கத்தில், பிளாஸ்ரிக் மூடிக்குள் ஒரு வால்வு ஒளிந்திருக்கும், லொக்ஷீல்ட் என்பார்கள். மண்வெட்டி அதுதான்.

நவம்பர் 27

லொக்ஷீல்ட் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் மகள் வீட்டில் செய்த விதம் இது. தொடும் முன்பு ஒவ்வொரு வால்வும் எத்தனை சுற்றுத் திறந்திருக்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து, குளிர்ந்த வீட்டில் ஹீற்றிங்கைப் போட்டு, எது முதலில் சுடுகிறது, எது கடைசி என்று பாருங்கள். முதலில் சுட்டதை நன்றாக ஒடுக்குங்கள், அதற்கு அது கால் சுற்றுத் திறந்திருந்தாலே காணும். போகப்போகக் கூட்டுங்கள், கடைசியை முழுதாக விடுங்கள். போகும் பைப்புக்கும் வரும் பைப்புக்கும் இடையே பழைய கணக்கில் 11, 12 பாகை வித்தியாசம் இருக்க வேண்டும். இப்போதைய பொயிலர்களுக்கு 20 பாகை வரை விடச் சொல்கிறார்கள். திரும்பி வரும் தண்ணீர் நன்றாக ஆறி வந்தால்தான் புகையோடு போகிற நீராவியும் தண்ணீராகி அதன் சூடும் வீட்டுக்கே கிடைக்கும்.

ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் பொறுக்க வேண்டும். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, ஏழு தேத்தண்ணி.

நவம்பர் 27, பிறகு

முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த வேலை செய்யும்போது இலக்கத் தலைகளெல்லாம் முழுத் திறப்பில், 5இல் இருக்க வேண்டும், அல்லது கழற்றி வைக்க வேண்டும். நான் 3இல் விட்டு அரைநாள் மினைக்கெட்டேன். அறை சூடாக அது தானாகப் பூட்டும், நான் லொக்ஷீல்ட்டைக் குற்றம் சொல்வேன்.

டிசெம்பர் 1

"யாழ்ப்பாண வெயிலில் இருந்துகொண்டு ஏன் இந்தக் கதை?" என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் இருக்கிற ஊரின் காலநிலைதான் எங்கள் காலநிலை ஐயா. இங்கே மார்கழிப் பனியில் காலை 22, 23 பாகைக்குப் பக்கத்து வீட்டு அண்ணை குரங்குத்தொப்பியும் மவ்ளரும் போட்டுக்கொண்டு பேப்பர் வாங்கப் போகிறார். லண்டனில் மகள் ஹீற்றிங்கை 19இல் வைத்துவிட்டுச் சூடு போதும் என்கிறாள். இரண்டு பேரையும் ஓர் அறையில் விட்டால் ரேடியேற்றர்தான் பாவம்.

அந்த அண்ணையின் கூரையில் சூரியச் சுடுதண்ணீர்த் தாங்கி உண்டு. பம்ப் இல்லை. கண்ணாடிக்குழாயில் சுட்ட தண்ணீர் தானாக மேலே தாங்கிக்கு ஏறும், ஆறினது கீழே இறங்கும். இங்கிலாந்தில் சில பழைய வீடுகளில் கோடையில் குளிக்கத் தண்ணீர் மட்டும் சூடாக்கினாலும் மேல்மாடி ரேடியேற்றர் சுடும் என்று கேட்டிருந்தீர்களே, அதுவும் இதே ஏற்றந்தான். அல்லது வழி மாற்றும் வால்வு சரியாக மூடவில்லை.

டிசெம்பர் 2

கொம்பி பொயிலரில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதெல்லாம் ரேடியேற்றர் சுட்டால், அது பெரும்பாலும் பொயிலருக்குள் இருக்கும் வழி மாற்றும் வால்வு. ரேடியேற்றரைத் தொட்டுப் பிரயோசனம் இல்லை.

ரொறன்ரோத் தம்பிக்கு: உங்கள் வீட்டில் ரேடியேற்றரே இல்லை என்றீர்கள். அங்கே பெரும்பாலான வீடுகளில் ஃபேர்னஸ் என்கிற வீட்டைச் சூடாக்கும் அடுப்பு காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்களால் அனுப்புகிறது, நான் எழுதியது எதுவும் பொருந்தாது. நியூயோர்க் மருமகளுக்கும் பொருந்தாது. அவர் இருக்கும் பழைய கட்டடத்துக்குள் ஓடுவது தண்ணீரல்ல, நீராவி. ஒரே பைப்பால் நீராவி போகும், அதே பைப்பால் ஆறின தண்ணீர் திரும்பும். பக்கத்தில் இருக்கும் சின்ன வால்வு உஸ் என்றால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். சுத்தியலால் அடிப்பதுபோல் இடித்தால் ரேடியேற்றர் வால்வுப் பக்கம் சரிந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடியாமல் தேங்கினால்தான் அந்த இடி.

டிசெம்பர் 6

இனி ஹோல். அடியில் சேறு என்று எழுதினேன். எனக்குள் நான் நினைத்தது சுண்ணாம்பு. எங்கள் கேத்திலுக்குள் ஓடு கட்டுகிறதே, அது. குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிறோம், கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். மகள் வீட்டுக் கேத்திலைப் பார்த்தபோது ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனால் பிழையாக நினைத்திருக்கிறேன். ரேடியேற்றருக்குள் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்துவிடும்? அடியில் கிடப்பது கறுப்புத் துரு. காற்று விடும்போது வரும் கறுப்புத் தண்ணீரைக் கண்ணாடிக் கிளாசில் பிடித்து வெளியே காந்தம் ஒன்றை வைக்கச் சொன்னேன். மகன் அனுப்பிய படத்தில் கறுப்பெல்லாம் காந்தப் பக்கம் ஏறி ஒட்டியிருக்கிறது.

துருப்பிடிக்க ஒட்சிசன் வேண்டும். ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் இருந்த ஒட்சிசன் கொஞ்ச நாளில் முடிந்துவிடும். பிறகு புதிதாகத் துரு அதிகம் வரக்கூடாது. இவ்வளவு துரு எப்படி?

டிசெம்பர் 6, நள்ளிரவு தாண்டி

நித்திரை வரவில்லை. எழும்பி மகனிடமே கேட்டேன்: "தம்பி, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்புகிறீர்கள்?" "ஒவ்வொரு கிழமையும் ஐயா. காலையில் முள் 0இல் நிற்கும், 1க்கு ஏற்றிவிடுவேன். எல்லாரும் அப்படித்தானே?"

இருபது நாள் கதைத்திருக்கிறோம். இதை நான் கேட்கவேயில்லை.

சூடானபின் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். சிவப்புக்குக் கிட்ட, 3 என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. 100 லீற்றர் தண்ணீரைக் குளிர்நிலையிலிருந்து 80 பாகைக்குச் சுடாக்கினால் ஏறக்குறைய 3 லீற்றர் கூடும். கூடுவதை ஏற்க ஒரு தாங்கி உண்டு, பெரும்பாலும் பொயிலருக்குள்ளேயே. நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்று போய்விட்டால் தண்ணீர் விரிய இடமில்லை. அமுக்கம் 3ஐத் தொட்டதும் காப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளிச்சுவர்ப் பைப்பால் தள்ளிவிடும். இரவில் ஆறினதும் போன தண்ணீரின் அளவுக்கு முள் இறங்கும்.

இது எனக்குத் தெரியாத பொருளா? இங்கே மோட்டரோடு பூட்டுகிற பிரஷர் தாங்கியும் இதேதான், உள்ளே ரப்பர் பை, வெளியே காற்று. காற்று இறங்கினால் குழாயைத் திறந்த உடனே மோட்டர் போடும், நிற்கும், போடும், நிற்கும். சைக்கிள் பம்பால் காற்றடித்துக் கொடுத்து எத்தனை வீட்டில் தேத்தண்ணி குடித்திருக்கிறேன்.

டிசெம்பர் 7

நவம்பர் 19இல் நான் எழுதி நானே வெட்டியதை இப்போது திரும்ப ஒட்டுகிறேன். சுற்று அமுக்கத்தில் நிற்பதால் காற்று உள்ளே போகாது என்றேன். முள் 1இல் நிற்கும்வரை அது சரி. கீழ்த்தட்டில் இருக்கும் பொயிலரில் முள் 0 என்றால், மூன்று மீற்றர் மேலே இருக்கும் ரேடியேற்றரில் அது 0க்கும் கீழே. 10 மீற்றர் தண்ணீர் ஏறக்குறைய 1 பார் அல்லவா? அப்போது மேல்மாடி, கிணற்றில் இழுக்கிற பைப் மாதிரி உறிஞ்சுகிற பக்கமாகிவிடும். தளர்ந்த வால்வுக் கழுத்தால் காற்று உள்ளே போகலாம். போதாததற்குக் கிழமைக்குக் கிழமை நிரப்பும் புதுத் தண்ணீரோடு கரைந்த காற்றும் வருகிறது, சுட்டால் அது பிரிந்து மேலே போகும். அதன் ஒட்சிசன் இரும்பைத் தின்று ஹோலின் அடியில் கறுப்பாகப் படுக்கிறது.

மூன்று வருத்தம் என்றேன். சின்ன அறை ஊசி தனிக்கதை. மற்ற இரண்டும் ஒரே வருத்தம்.

சந்தேகம் தீர, வெளியே அந்தப் பைப்பின் வாயில் ஷொப்பிங் பை ஒன்றைக் கட்டிவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். இறுக்கி அடைக்கக்கூடாது, சும்மா தொங்கவேண்டும். அதற்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோகவும் வேண்டாம், கொதிதண்ணீர் வரும்.

டிசெம்பர் 8

பையில் தண்ணீர்.

டிசெம்பர் 13

பொயிலரின் மூடியை மகன் கழற்றக்கூடாது என்று அடித்துச் சொன்னேன். பிரிட்டனில் எரிவாயு வேலைக்குக் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர்தான் வர வேண்டும். 2009இல் கோர்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக வந்தது. அட்டையைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன், அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும். முதலில் வந்தவரிடம் அட்டை கேட்கவில்லையாம்.

வியாழன் ஒரு பெண் வந்தார். தாங்கியின் காற்று ஊசியை அமுக்கினார். தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்தது, தாங்கி மாற்ற வேண்டும். தண்ணீர் வரவில்லை, காற்றும் வரவில்லை, வெறும் வெறுமை. சுற்றின் அமுக்கத்தை இறக்கிவிட்டு 0.8 பாருக்குக் காற்றடித்தார். காப்பு வால்வையும் மாற்றினார், அடிக்கடி திறந்த வால்வு பிறகு சரியாக மூடாது என்று. நான் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவர் யார்?" என்று கேட்டிருக்கிறார். "யாழ்ப்பாணத்தில் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர்." கையைக் காட்டினார். நானும் காட்டினேன்.

டிசெம்பர் 20

ஒரு கிழமை, காலை முள் 1.3, சுட்டால் 1.8. நிரப்பவில்லை, காற்றும் விடவில்லை.

ஹோல் ரேடியேற்றரை மகனும் நண்பரும் இரண்டு பக்க வால்வையும் பூட்டிக் கழற்றி, வாயைத் துணியால் அடைத்துத் தூக்கிப்போய் முற்றத்தில் ஹோஸ் பிடித்துக் கழுவினார்கள். இரும்பும் சேறும் சேர்ந்து ஆள் பாரம் இருந்ததாம். புல்லெல்லாம் மை ஊற்றின மாதிரி. பூட்டியதும் துருத்தடுப்பு மருந்து விட்டிருக்கிறார்கள். திரும்பும் பைப்பில் காந்த வடி ஒன்று போட வேண்டும், அது தைச் சம்பளத்துக்குப் பிறகாம்.

டிசெம்பர் 22

தங்கச்சி எழுதியிருக்கிறார்: எல்லாம் சரி, ஆனால் விடிய ஐந்து மணிக்கு மேல்மாடித் தரைக்குக் கீழே டக் டக் என்று தட்டுகிறது, பேத்தி எழும்பிவிடுகிறாள்.

அது சுட்ட பைப் நீளும்போது மரச்சட்டத்தில் உரசுகிற சத்தமாக இருக்கும், முன்பு அந்தப் பக்கம் சுடாததால் கேட்டிருக்காது. பலகையைக் கிளப்பிப் பைப்புக்கும் மரத்துக்கும் இடையில் கம்பளித்துண்டு ஒன்று செருகினால் போய்விடும். எந்தப் பலகை என்று கண்டுபிடிக்க நாளைக்கு விடிய அங்கே ஐந்துக்கு என்னை எடுக்கச் சொல்லுங்கள். இங்கே பத்தரை, நான் கிணற்றடியில் நிற்பேன்.